பெண்கள் பக்கமா, ஆண்கள் பக்கமா? "எல்லாரையும் ஏற்கும்" கிறிஸ்தவக் கூடுகை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: குழித்துறைக்காரி

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். சற்று நீண்ட கடிதம் இது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே சபையில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை என்ற பெயர் வருவதற்கு முன்பே, லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கத்தின் காலத்திலேயே, எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து காலமானார். அம்மாவுக்கு வீடும் ஆலயமும் தவிர வேறு உலகம் கிடையாது. எனக்கு அடுத்துப் பிறந்த தங்கையை நாங்கள் தம்பி என்றுதான் வளர்த்தோம். அவள் 19 வயதில் வீட்டை விட்டுப் போய், 11 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாலையில் திருநங்கையாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கஞ்சியை ஊற்றி, பயறும் துவையலும் வைத்து, "முதலில் சாப்பிடு" என்றாள்.

அடுத்த ஞாயிறு மூவருமாக ஆலயத்திற்குப் போனோம். எங்கள் ஆலயத்தில் நடுப்பாதைக்கு இடப்புறம் ஆண்களும் வலப்புறம் பெண்களும் அமர்வது வழக்கம். தங்கை சேலை உடுத்து, தலையில் முக்காடிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அமர்ந்தாள். முதல் கீர்த்தனை முடிவதற்குள், எங்கள் பெஞ்சிலிருந்த இரண்டு பெண்கள் தங்கள் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு மாறிவிட்டார்கள். ஆராதனை முடிந்தபின் சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "உங்கள் தம்பியை அடுத்த வாரம் கடைசி வரிசையில் ஆண்கள் பக்கம் அமரச் சொல்லுங்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்லர். அப்பா இறந்தபோது இரவு முழுவதும் எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு இருந்தவர். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இன்னும் வலித்தது. அதற்குப்பின் தங்கை ஆலயத்திற்குள் வரவில்லை. செருப்புகள் விடும் படியில் உட்கார்ந்து பிரசங்கத்தைக் கேட்டாள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்றும் அந்தப் படியிலேயே இருந்தாள்.

இப்படி இருக்கையில், நாகர்கோவிலில் ஒரு வீட்டின் மாடியில் ஞாயிறு மாலை கூடுகிற சிறிய கூடுகை ஒன்றைப் பற்றி என்னுடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். முப்பது பேர் வரை வருவார்களாம். தாங்கள் நம்புவது என்ன என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. இயேசுவின் வழியில் நடப்பதே தங்கள் விசுவாசத்தின் மையம் என்று அது தொடங்குகிறது. பிற சமயத்தாரிடம் கடவுள் இல்லை என்று தாங்கள் சொல்வதில்லை என்றும், சாதியையும் குடும்பப் பெயரையும் எவரிடமும் கேட்பதில்லை என்றும், பெண்களும் ஆண்களும் சமமாகத் திருவிருந்தை நடத்துவார்கள் என்றும் எழுதியிருக்கிறது. திருநங்கையர், தன்பால் ஈர்ப்புடையோர், மணமுறிவு பெற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய எல்லாரையும் ஏற்பதோடு, எல்லாருக்கும் பொறுப்பும் தருவதாகச் சொல்கிறார்கள். சந்தேகத்தைப் பாவமாகக் கருதுவதில்லை என்றும், மலையையும் கடலையும் ஏழைகளையும் காப்பது ஜெபத்தைப் போலவே ஆராதனையின் பகுதி என்றும் தாள் முடிகிறது.

தாளை மூப்பரிடம் காட்டினேன். "இது காலத்துக்கேற்ற கலப்படம், அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு" என்றார். இதில் அறிவுள்ளவர்களிடம் நான் கேட்பது இதுதான். இது கிறிஸ்தவம்தானா? வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான ஒன்றா? எழுபது வயதான அம்மாவை அங்கே அழைத்துச் சென்றால், அவள் வாழ்நாள் முழுவதும் காத்த விசுவாசத்திற்கு நான் துரோகம் செய்தவளாவேனா? அம்மாவிடம் கேட்டால், "நீ படித்தவள், விசாரித்துச் சொல்லு" என்கிறாள்.


பதில் 1: மயிலாடி வாசகர்

சகோதரி, அந்த இரண்டு பெண்களும் முன்வரிசைக்கு மாறினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. இதேபோன்ற இடம் மாறுதல்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளின் வரலாறு முழுவதும் உண்டு. அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தாளில் உள்ள வாசகங்களின் சாயல் வெளிநாட்டது என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் டிராய் பெர்ரி என்ற போதகர், தன்பால் ஈர்ப்புடையவர் என்பதால் தம் சபையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, தம் வீட்டில் ஒரு சிறு ஆராதனையைத் தொடங்கினார். அது பின்னர் பல நாடுகளில் சபைகளாகப் பரவியது. அமெரிக்காவின் ஐக்கிய கிறிஸ்து சபை 1985இல், பாலியல் ஈர்ப்பில் வேறுபாடு பாராமல் எல்லாரையும் வெளிப்படையாக வரவேற்கும்படி தன் சபைகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 1990களில் அங்கே உருவான முற்போக்குக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று தன் நம்பிக்கைகளை எட்டு அம்சங்களாகச் சுருக்கி வெளியிட்டது. இயேசுவின் வழி, பிற சமயங்களின் மீது மதிப்பு, எல்லாருக்கும் இடம், நடத்தையே விசுவாசத்தின் சான்று, கேள்விக்கு மதிப்பு, நீதி, பூமியைக் காத்தல், வாழ்நாள் முழுதும் கற்றல் என்று அது போகும். உங்கள் கையிலுள்ள தாள் அதன் சாயலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று கலப்படமாகிவிடும் என்றால், நாம் எவருமே ஆலயத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோம். 1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் வேதமாணிக்கம். மகாராசன் என்ற பெயருடன் சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டு, தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியவர் அவர். ஊர்க்கோயிலுக்குள் கால் வைக்க அனுமதியில்லாத சமூகத்தில் பிறந்தவர். 1809இல் மயிலாடியில் எழும்பிய ஆலயம்தான் தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையின் முதல் ஆலயம். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களே நம் சபையின் முதல் விசுவாசிகள். உங்கள் தங்கை உட்கார்ந்திருந்த படியைப் பற்றி வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணின் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். சந்தையில் ரவிக்கை கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் ஜெப வீடுகளும் எரிக்கப்பட்டன, 1829இல் திருவிதாங்கூர் அரசே அந்த உரிமையை மறுத்து ஆணை பிறப்பித்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் வந்த பிரகடனமும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. எந்த உடலுக்கு எந்த உடை, யார் எப்படித் தோன்றலாம் என்று ஊர் முடிவு செய்வதை எதிர்த்துப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு சேலையைப் பார்த்து நாமே பெஞ்சை மாற்றுவது எனக்குப் புரியவில்லை.

மிஷனரிகள் எல்லாரும் எல்லாவற்றிலும் முன்னோடிகளாக இருந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலில் 1818 முதல் உழைத்த சார்லஸ் மீட், மனைவியை இழந்தபின், பறையர் சமூகத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளே அதை ஏற்கவில்லை. அவர் லண்டன் மிஷன் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அச்சகமும் பள்ளிகளும் தந்த மனிதருக்கே அந்தக் கதி. கத்தோலிக்கர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டி வந்த சாதிப் பெயரை வத்திக்கான் விட்டுவிட்டது. சாதிகளுக்கிடையே வேறுபாடு பாராமல் பழகியவர் என்று போற்றப்படுகிறவரின் பெயரிலிருந்து அந்த ஒரு சொல் விலக 270 ஆண்டுகள் ஆயின.

பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுவதையும் கலப்படம் என்று சொன்ன பெரியவர்களை நான் நேரில் அறிவேன். தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களுக்கு அந்த வாசலைத் திறந்தது. 2013இல் புஷ்பலலிதா அம்மையார் அதன் முதல் பெண் பேராயரானார். இன்று அதே பெரியவர்களின் பேத்திகள் இறையியல் கல்லூரியில் படிக்கிறார்கள். திருநங்கையர் காரியத்திலோ அரசு சபையை முந்திவிட்டது. தமிழ்நாட்டில் 2008இலேயே அவர்களுக்கு நல வாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. ரேஷன் அட்டையில் உங்கள் தங்கைக்கு உள்ள இடம் ஆலயப் பெஞ்சில் இல்லாமலிருப்பது சபைக்கு வெட்கம்.


பதில் 2: நெய்யூர் ஆசிரியர்

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். நாற்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியிலும் கற்பித்தவன். அந்த மூப்பர் செய்தது தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயேசு தொழுநோயாளியைத் தொட்டார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். உங்கள் தங்கையைப் படியில் உட்கார வைத்த சபை மனந்திரும்ப வேண்டும்.

ஆனாலும் மனிதரை ஏற்பதும் உபதேசத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. மயிலாடி நண்பர் சொன்ன வரலாறு முழுவதும் உண்மை. நானும் அதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வேதமாணிக்கம் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்தது ஒரு கேள்வியை அல்ல, ஒரு நற்செய்தியை. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்றவரை அவர் கொண்டுவந்தார். அந்த நிச்சயம் இருந்ததால்தான் அந்த ஏழைப் பெண்கள் அடியைத் தாங்கினார்கள். நிச்சயத்தைவிடக் கேள்விக்கே மதிப்பு அதிகம் என்று சொல்லும் ஒரு சபையால் அப்படி ஒரு தலைமுறையை உருவாக்க முடியுமா என்பது என் ஐயம்.

அந்தத் தாளில் உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்தேன். 1947இல் நம் திருச்சபை ஒன்றானபோது, வேதாகமத்தையும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் அடித்தளமாக வைத்துத்தான் ஒன்றானது. நிசேயாவில் 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடி வாதிட்டது ஒரு சொல்லுக்காக. கிறிஸ்து உண்மையில் கடவுளா என்பதற்காக. நற்செயல்களின் பட்டியலோடு நின்றுவிடுவதற்கு ஒரு சபை வேண்டியதில்லை, நல்ல சமூக சேவைச் சங்கமே போதும்.

திருவிருந்து குறித்தும் கேளுங்கள். நம் முறையில் ஞானஸ்நானம், வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல், பிறகு திருவிருந்து என்ற ஒழுங்கு உண்டு. அது வேலியன்று, ஆயத்தம். திருமணத்தைப் பொறுத்தவரை, மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் இயேசு ஆணையும் பெண்ணையும் பற்றிச் சொன்னதை விட்டு விலக என் மனச்சாட்சி இடம் தரவில்லை. உங்கள் தங்கை அப்படிப் பிறந்தவள் என்பதை நான் ஏற்கிறேன். அந்தத் தாளில் உள்ள எல்லாவற்றையும் ஏற்க என்னால் இயலாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் மனைவி இறப்பதற்கு முன் மூன்று நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்கே போகிறேன்?" என்று கேட்டாள். நான் யோவான் 14ஐ வாசித்தேன். "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்ற வரியில் அவள் உறங்கிப்போனாள். அந்த நேரத்தில் அவளிடம் "கேள்விதான் முக்கியம்" என்று யாரேனும் சொல்லியிருக்க முடியுமா? அம்மாவை அங்கே அழைத்துப் போவதற்கு முன் அவர்களிடம் இதைக் கேளுங்கள்.


பதில் 3: தக்கலை செவிலி

ஆசிரியர் ஐயா, உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரவுப் பணியின் இடைவேளையில் வாசித்தேன். நான் 16 ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். அந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். குழித்துறை அக்கா சொல்லும் அந்த மாடிக் கூடுகைக்கு நான் ஐந்து ஆண்டுகளாகப் போய் வருகிறேன். ஆகவே வெளியிலிருந்து அன்றி உள்ளிருந்து எழுதுகிறேன்.

சாகிறவரிடம் நாங்களும் யோவான் 14ஐத்தான் வாசிக்கிறோம், ஐயா. கடந்த ஆண்டு எங்கள் கூடுகைக்கு வந்துகொண்டிருந்த மீனவ முதியவர் ஒருவரின் கடைசி இரவில் நான் அருகில் இருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் கடலில் போன தன் மகனைக் கடவுள் ஏன் காக்கவில்லை என்ற கோபத்தில் நெடுங்காலம் ஆலயப் பக்கமே போகாதிருந்தவர் அவர். எங்களிடம் வந்தபோது யாரும் அந்தக் கோபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கடைசி இரவில் அவரே, "அந்த வீட்டைப் பற்றி வாசி" என்றார். கேள்விக்கு இடம் தருவது என்பதற்கு நாங்கள் கொள்ளும் பொருள் இவ்வளவுதான். நிச்சயம் ஒருவருக்கு வரும்வரை அவரை வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. தோமாவின் கேள்விக்கு விடையாகத்தான் "நானே வழி" என்ற அந்த வாக்கியமே பிறந்தது. அதைப் பிற சமயத்தாரைத் தீர்ப்பிடும் கோலாக நாங்கள் எடுப்பதில்லை. இந்த மாவட்டத்தில் அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. 1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின்போது என் அம்மா, அண்டை வீட்டு இந்துக் குடும்பத்தின் அடுக்களையில் இரண்டு இரவு ஒளிந்திருந்தவள். சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் வந்து கடற்கரை ஊர்களில் அமைதிக்காக உழைத்ததை இன்றும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வாள். அந்த அடுக்களையில் கடவுள் இல்லை என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது.

உயிர்த்தெழுதல் தாளில் இல்லை என்பது நியாயமான குறை. எங்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே அதை நம்புகிறோம். சிலர் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் நம்ப முடியவில்லை என்றே சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு வாரமும் வந்து பாத்திரம் கழுவுகிறார். திருவிருந்தில் நாங்கள் யாரையும் தடுப்பதில்லை. அப்பத்தை வாங்கிய பிறகு ஞானஸ்நானம் கேட்டவர்கள் உண்டு. திருவிருந்தே ஒருவரை மனந்திருப்பும் என்று ஜான் வெஸ்லி கற்பித்ததையும் நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் நம் திருச்சபையின் ஒழுங்கு வேறு என்பதை அக்கா தெரிந்துகொண்டு வருவதே நல்லது.

இப்போது வேதாகமத்திற்கு வருகிறேன், ஏனெனில் அக்காவின் அம்மாவுக்கு அதுதான் தேவைப்படும். உபாகமம் 23ஆம் அதிகாரம், அண்ணகர்கள் (விதையடிக்கப்பட்ட ஆண்கள்) கர்த்தருடைய சபைக்கு உட்படக் கூடாது என்கிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ, அண்ணகன் "நான் பட்டமரமென்று" சொல்ல வேண்டாம் என்று தொடங்கி, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உள்ளதைவிட மேலான இடத்தையும் பெயரையும் ஆலயத்திற்குள்ளேயே தருவேன் என்று கர்த்தர் வாக்களிப்பதாகச் சொல்கிறது. ஒரே வேதாகமத்தில் ஒரு வாசல் சாத்தப்பட்டுப் பின் திறக்கப்படுகிறது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ஓர் அண்ணகர். எருசலேமில் பணிந்துகொண்டு திரும்பும் வழியில், ரதத்தில் அமர்ந்து ஏசாயா 53ஐ வாசிக்கிறார். இன்னும் மூன்று அதிகாரம் புரட்டினால் தமக்கான வாக்குத்தத்தம் இருக்கிறது. பிலிப்புவிடம் அவர் கேட்டது, "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்பது. பிலிப்பு தடை எதுவும் சொல்லாமல் அவரோடு தண்ணீருக்குள் இறங்கினார். அக்காலத்து அண்ணகரும் இக்காலத்துத் திருநங்கையரும் எல்லா வகையிலும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. உடலின் காரணமாகச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ற அளவில் அந்த வசனங்கள் அவர்களுக்கும் உரியவை.

எங்கள் கூடுகையின் குறைகளையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. எங்களில் படித்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களும்தான் அதிகம். கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் குறைவு. சாதியைக் கேட்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரும்போது நாக்கு தடுமாறுகிறது, அதை நானே கேட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஒரு திருநங்கை வந்தபோது, நாங்கள் எல்லாரும் எழுந்து கைதட்டினோம், சாட்சி சொல்லும்படி முன்னால் அழைத்தோம், புகைப்படம் எடுத்தோம். அவர் மறுவாரம் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "எனக்குக் கைதட்டல் வேண்டாம் அக்கா, உட்கார இடம் போதும்" என்றார். அன்று நாங்கள் செய்ததும் ஒரு வகையில் பெஞ்சை மாற்றியதுதான் என்று பிறகு புரிந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆராதனைக்குப் பிறகு சாப்பிடுவதற்காக அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஒரு கத்தியை அவரிடம் நீட்டி, "நடுவிலே இருக்கிற நாரை எடுத்துப் போடு, பிள்ளை" என்றாள். இருவரும் ஒரே முறத்தில் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆராதனை ஒழுங்கை மாதம் ஒருமுறை அவர்தான் நடத்துகிறார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசுவார். அந்த முறத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

அக்கா, அம்மாவை அழைத்து வாருங்கள். உங்கள் சபையை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேர் காலையில் தங்கள் ஆலயத்திற்குப் போய்விட்டு மாலையில்தான் இங்கே வருகிறார்கள்.


பதில் 4: குழித்துறைக்காரி

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

ஏசாயா 56ஐ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பட்டமரம்" என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். தங்கை வீட்டைவிட்டுப் போன ஆண்டு, பால் வற்றிய ரப்பர் மரங்களை அப்பா வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். அப்போது கோபத்தில், "இதுவும் ஒரு பட்டமரம்தான்" என்று பிள்ளையைப் பற்றிச் சொன்னாராம். தங்கை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாளாம். இதை அம்மா எங்களிடம் இதுவரை சொன்னதில்லை. அந்த அதிகாரத்தை மீண்டும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்.

இந்த மாதத் திருவிருந்து ஞாயிறன்று, படியில் உட்காரப்போன தங்கையின் கையைப் பிடித்து அம்மா உள்ளே அழைத்து வந்து தன் பக்கத்தில் அமர்த்தினாள். மூப்பர் பார்த்தார், எழுந்து வரவில்லை. திருவிருந்துக்குப் போகும் நேரத்தில் அம்மா அவள் கையை விடாமலேயே முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். மூவரும் முழங்காலிட்டோம். தங்கையின் வலப்புறம் அம்மா. இடப்புறம் இன்னொருவர் முழங்காலிடும் அளவுக்கு இடம் கடைசிவரை காலியாக இருந்தது. ஆயர் அவளுக்கு அப்பத்தைக் கொடுத்தார். அவர் கை சற்றுத் தயங்கியதா, அல்லது என் கண்ணுக்கு அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை. பாத்திரம் அவளிடம் வந்து, அவளிடமிருந்து அம்மாவுக்குப் போயிற்று.

அன்று மாலை நாகர்கோவிலுக்கும் போனோம். ஆசிரியர் ஐயா, நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். உயிர்த்தெழுதல் ஏன் தாளில் இல்லை என்றதற்கு, கூடுகையை நடத்தும் அம்மையார், எல்லாரும் ஒரே குரலில் சொல்லக்கூடியதை மட்டும் அச்சிட்டதாகவும், தனிப்பட்ட முறையில் தாம் அதை நம்புவதாகவும் சொன்னார். அம்மாவுக்கு அந்த விடை திருப்தி தரவில்லை. "அதையும் எழுதியிருக்கலாம்" என்று நேராகவே அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம், நீங்களும் இருக்க வேண்டும் என்றார். காலையில் அம்மா எங்கள் ஆலயத்தை விடப்போவதில்லை. அதில் உறுதியாக இருக்கிறாள். ஐயா, நெய்யூரிலிருந்து ஒரு மாலை நீங்களும் அந்தப் பேச்சுக்கு வந்தால் அம்மா மகிழ்வாள். உங்கள் பதிலை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறச் சிரமப்பட்டாள். அடுத்த ஞாயிறு முதல் கீழ்த்தளத்திலேயே கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிழங்கு நாங்கள் கொண்டுவருவதாகத் தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.